லாரி எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியதற்கு 64,000 ரூபாய் அபராதமா?

கரூர்த்தறி (கேள்வி, புதன் இரவு)

வணக்கம். கரூரில் பன்னிரண்டு விசைத்தறி வைத்துப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் நெய்து அனுப்புகிறோம். அப்பா இருந்தவரை கணக்கு வழக்கெல்லாம் அவர் பொறுப்பு. மூன்று வருடங்களாக நான் பார்க்கிறேன். இதுவரை ஒரு ரூபாய் வரிப் பாக்கி வைத்ததில்லை, ஒரு ரிட்டர்ன் தாமதமானதில்லை. அதனால்தான் இன்று நடந்ததை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

செவ்வாய் மாலை பெங்களூரில் உள்ள மொத்த வியாபாரி ஒருவருக்கு 40 பேல் படுக்கை விரிப்பு ஏற்றினோம். பேலுக்கு 50 உருப்படி, மொத்தம் 2,000. உருப்படி 320 ரூபாய். சரக்கின் மதிப்பு 6,40,000 ரூபாய், வெளிமாநில விற்பனைக்கான 5 சதவீத ஐஜிஎஸ்டி வரி 32,000 ரூபாய். பில், லாரி ரசீது, சரக்கை ஏற்றிச் செல்ல ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் இ-வே பில் மூன்றையும் ஓட்டுநர் கையில் கொடுத்தே அனுப்பினோம். புதன் அதிகாலை மாநில எல்லைக்கு முன்னால் நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்தினார்கள். மாநில வணிகவரித் துறையின் சோதனைக் குழு.

இரண்டு பிழைகள் என்றார்கள். ஒன்று, இ-வே பில்லின் பகுதி பி-யில் லாரி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 28 என்று இருக்க வேண்டியது 82 என்று பதிவாகியிருக்கிறது. எங்கள் பில் போடும் தம்பியின் கைத்தவறு. அவன் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். இரண்டு, சரக்கின் வகையைக் காட்டும் எச்எஸ்என் எண் பில்லில் 6302, இ-வே பில்லில் 6304. பழைய சரக்கின் பதிவை நகலெடுத்ததால் வந்த வினை. இரண்டுக்கும் வரி அதே 5 சதவீதம்தான்.

வரியைப் போல இரண்டு மடங்கு, 64,000 ரூபாய் கட்டினால் வண்டியை விடுவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். சிறிய பிழைகளுக்கு 1,000 ரூபாய்தான் என்று ஏதோ சுற்றறிக்கை இருப்பதாக எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். "அது மத்திய மறைமுக வரி வாரியத்தின் சுற்றறிக்கை. நாங்கள் மாநில அதிகாரிகள், எங்களைக் கட்டுப்படுத்தாது. அதோடு உங்களுக்கு இரண்டு பிழை" என்று பதில் வந்தது. ஆடிட்டர் வெளியூரில் இருக்கிறார், வெள்ளிக்கிழமைதான் வருவார்.

என் கேள்வி இதுதான். அந்தச் சுற்றறிக்கை யாருக்காக எழுதப்பட்டது? அதிகாரிக்கா, எனக்கா? அதிகாரிக்குத்தான் என்றால், அதை நான் நீட்டும்போது அவர் தள்ளிவிடலாமா? 64,000 கட்டிவிட்டு வண்டியை எடுத்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார். உருப்படிக்கு எங்களுக்கு நிற்பது இருபது ரூபாய்கூட இல்லை. இந்த லோடில் கிடைப்பது மொத்தமும் போய், கையிலிருந்தும் போட வேண்டும். ஓட்டுநர் நேற்றிரவு முதல் வண்டியிலேயே கிடக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பேரேடு

அக்கா, நான் ஈரோட்டில் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தவறிருந்தால் பெரியவர்கள் திருத்தட்டும்.

முதலில், இ-வே பில் எடுத்து 24 மணி நேரம் ஆகவில்லை என்றால் அதை ரத்து செய்துவிட்டு, சரியான எண்ணோடு புதியது எடுத்து ஓட்டுநருக்கு அனுப்பிவிடலாம் அல்லவா? இரண்டாவது, மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 126-ஆம் பிரிவைப் பாருங்கள். ஆவணத்தில் எளிதாகத் திருத்தக்கூடிய பிழை, ஏமாற்றும் நோக்கம் இல்லாதது என்றால் அபராதமே விதிக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்டால் 1,000 ரூபாய்கூடக் கட்டத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

அம்மா, பணம் கட்ட அவசரப்படாதீர்கள். புது இ-வே பில்லும் எடுக்காதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: ஓட்டுநர் கையில் எந்தெந்தத் தாள்களைக் கொடுத்திருக்கிறார்கள்? ஒவ்வொன்றின் தலைப்பிலும் எம்ஓவி என்று எழுதி ஓர் எண் இருக்கும், அது வண்டிச் சோதனைப் படிவங்களின் வரிசை எண். 01, 02, 04, 06, 07 என்று வரும். எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, எண்ணையும் தேதியையும் மட்டும் இங்கே எழுதுங்கள். உங்கள் பெயரோ பில்லோ இங்கே வேண்டாம். வழக்கு எந்தப் படியில் நிற்கிறது என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது.

கரூர்த்தறி

ஐயா, உடனே பதில் எழுதியதற்கு மிக்க நன்றி. ஓட்டுநரிடம் மூன்று தாள்கள் இருக்கின்றன. எம்ஓவி-01 அவருடைய வாக்குமூலம். எம்ஓவி-02 சரக்கைச் சோதிக்க ஆணை. எம்ஓவி-04 இன்று மாலை 5 மணிக்குக் கொடுத்தது. அதில் 40 பேல், 2,000 உருப்படி, பில்லோடு ஒத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறார்கள். 06, 07 எதுவும் இல்லை. 64,000 என்பது வாய்வார்த்தையாகச் சொன்னதுதான்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

நல்லது. உங்கள் கையில் இருப்பவற்றிலேயே மதிப்பு மிக்க தாள் அந்த எம்ஓவி-04. சரக்கு பில்லோடு ஒத்துப்போகிறது என்று அதிகாரியே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். அதைப் பத்திரமாக வையுங்கள்.

நான் மத்திய கலால், சுங்கத் துறையில் 34 ஆண்டுகள் இருந்தவன். 1980-களின் நடுவில் ஆய்வாளராகச் சேர்ந்தேன். ஜிஎஸ்டி வந்த பிறகும் சில ஆண்டுகள் பணியில் இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். எனவே உங்கள் கேள்விக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்ல முடியும்.

நீங்கள் கேட்கும் சுற்றறிக்கை எண் 64/38/2018-ஜிஎஸ்டி, தேதி 14 செப்டம்பர் 2018. சரக்கோடு பில்லும் இ-வே பில்லும் இருக்கும்போது, சில வகைப் பிழைகளுக்காக, சரக்கை வழியில் தடுத்துவைத்து அபராதம் விதிக்கும் 129-ஆம் பிரிவின் நடவடிக்கையைத் தொடங்க வேண்டாம் என்று அதன் ஐந்தாம் பத்தி சொல்கிறது. ஆறு வகைகளைப் பட்டியலிடுகிறது. ஜிஎஸ்டி எண் சரியாக இருந்து பெயரில் எழுத்துப்பிழை. முகவரி சரியாக இருந்து பின்கோடில் தவறு, ஆனால் அதனால் இ-வே பில்லின் காலம் நீளக் கூடாது. ஊரும் மற்ற விவரங்களும் சரியாக இருந்து வாங்குபவரின் முகவரியில் தவறு. ஆவண எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம். எச்எஸ்என் எண்ணில் முதல் இரண்டு இலக்கமும் வரி விகிதமும் சரியாக இருந்து பின்னால் தவறு. லாரி எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் அல்லது எழுத்து. உங்களுடைய இரண்டு பிழைகளும் கடைசி இரண்டில் அப்படியே உட்காருகின்றன. 28 என்பது 82 ஆனது இரண்டு இலக்கம். 6302-க்கும் 6304-க்கும் முதல் இரண்டு இலக்கம் 63 தான், வரியும் ஒன்றுதான்.

இப்படிப்பட்ட பிழைக்கு, பொது அபராதத்துக்கான 125-ஆம் பிரிவின்கீழ் மத்திய சட்டத்தில் 500, மாநிலச் சட்டத்தில் 500, வெளிமாநிலச் சரக்கானால் ஐஜிஎஸ்டியில் 1,000 ரூபாய் என்று ஆறாம் பத்தி சொல்கிறது. "ஒவ்வொரு சரக்குக்கும்" என்பதுதான் அங்கே உள்ள அளவு. ஒவ்வொரு பிழைக்கும் என்று இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பிழை இருந்தால் சுற்றறிக்கை பொருந்தாது என்ற சொல்லும் அதில் எங்கும் இல்லை.

இப்போது "எங்களைக் கட்டுப்படுத்தாது" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைக் கேட்டுத்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரே சட்டத்தை ஓர் ஊரில் ஒரு விதமாகவும் அடுத்த ஊரில் வேறு விதமாகவும் நடத்தக் கூடாது என்பதற்காகவே வாரியத்துக்கு இந்த அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1944-ஆம் ஆண்டின் கலால் சட்டத்தில் 37பி, 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 151ஏ, இன்றைய மத்திய ஜிஎஸ்டி சட்டத்தில் 168. பெயர்தான் மாறியிருக்கிறது, நோக்கம் ஒன்றே. 168-ஆம் பிரிவை நிதானமாகப் படியுங்கள். மத்திய வரி அதிகாரிகளுக்கு வாரியம் அறிவுறுத்தல் வழங்கலாம் என்று தொடங்கி, அந்த அதிகாரிகளும், இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பணியில் உள்ள மற்ற அனைவரும் அதைப் பின்பற்ற வேண்டும் என்று முடிகிறது. அந்த "மற்ற அனைவரும்" என்பதுதான் உங்கள் பிடி. உங்களுடையது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. அதில் ஒரு மாநில அதிகாரி அபராதம் கேட்கிறார் என்றால் எந்த அதிகாரத்தில் கேட்கிறார்? ஐஜிஎஸ்டி சட்டத்தின் 4-ஆம் பிரிவு அவருக்குக் கொடுத்த அதிகாரத்தில்தான். மத்தியச் சட்டத்தின் அதிகாரத்தை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, அதே சட்டத்தின் அறிவுறுத்தலை மறு கையால் தள்ள முடியாது. உங்கள் கடிதத்தில் இதைத்தான் முதல் வாதமாக எழுத வேண்டும்.

வாரியத்தின் சுற்றறிக்கை துறையைக் கட்டுப்படுத்தும், அதற்கு மாறாகத் துறையே வாதாட முடியாது என்று 1996-இல் ரானடே மைக்ரோநியூட்ரியன்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2008-இல் ரத்தன் மெல்டிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, சட்டத்துக்கு முரணான சுற்றறிக்கைக்கு உயிரில்லை, நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராகவும் அது நிற்காது என்றது. இங்கே அப்படி எந்த முரணும் இல்லை. ஆக உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: சுற்றறிக்கை எழுதப்பட்டது அதிகாரிக்கு. அவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதனாலேயே அது உங்களுக்குக் கேடயம்.

தம்பி பேரேடு சொன்ன இரண்டும் நல்லெண்ணத்தில் சொன்னவை, ஆனால் இந்த இடத்தில் செல்லாது. வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்ட இ-வே பில்லை ரத்து செய்ய 138-ஆம் விதி இடம் கொடுக்காது. புதியது எடுத்தால் ஒரே பில்லுக்கு இரண்டு இ-வே பில் என்ற புதிய சந்தேகத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். 126-ஆம் பிரிவைப் பொறுத்தவரை, அதன் ஆறாம் உட்பிரிவு வரை படிக்க வேண்டும். அபராதம் குறிப்பிட்ட தொகையாகவோ குறிப்பிட்ட சதவீதமாகவோ சட்டத்திலேயே நிர்ணயிக்கப்பட்டிருந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது. 129-இல் 200 சதவீதம் என்று நிர்ணயித்துவிட்டார்கள். எனவே போராட்டம் 126-இல் இல்லை. 129-ஐத் தொடங்கவே கூடாது என்பதில்தான் இருக்கிறது.

இன்றிரவே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். சரக்கு எண்ணிக்கை பில்லோடு ஒத்துப்போவதாக எம்ஓவி-04 சொல்வதை முதல் வரியில் வையுங்கள். பிறகு இரண்டு பிழைகளையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். சுற்றறிக்கையின் எண், தேதி, பத்தி. 168-ஆம் பிரிவு. 1,000 ரூபாய் செலுத்தத் தயார் என்ற உறுதி. விடுவிப்பு ஆணையான எம்ஓவி-05 வழியாக வண்டியை விடுவிக்க வேண்டுகோள். மறுத்தால் காரணத்தோடு எழுத்து வடிவில் ஆணை வேண்டும் என்ற ஒரு வரி. சுற்றறிக்கையை முழுமையாக அச்செடுத்து இணையுங்கள், தொலைபேசியில் எண் சொல்வது போதாது. நகலில் முத்திரையும் தேதியும் நேரமும் வாங்குங்கள்.

சரக்கின் உரிமையாளர் நீங்கள்தான் என்றும் அதே கடிதத்தில் எழுதுங்கள். உரிமையாளர் முன்வந்தால் அபராதம் வரியைப் போல 200 சதவீதம், அதாவது 64,000. முன்வராவிட்டால் சரக்கின் மதிப்பில் பாதி அல்லது வரியில் 200 சதவீதம், எது அதிகமோ அது. உங்கள் சரக்குக்கு 3,20,000 ரூபாய் ஆகும். பில் கூடவே இருந்தால் அனுப்பியவரையோ பெறுபவரையோ உரிமையாளராகக் கொள்ள வேண்டும் என்று 31 டிசம்பர் 2018 தேதியிட்ட 76/50/2018 சுற்றறிக்கை சொல்கிறது. இருந்தாலும் ஓட்டுநர் மட்டும் நிற்கும் வண்டியில் இந்தக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

காலக்கணக்கு: செவ்வாய் மாலை எடுத்த இ-வே பில், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் உங்களுக்கு இரண்டு நாள், வியாழன் நள்ளிரவோடு முடியும். முடிவதற்கு முன் எட்டு மணி நேரமும் முடிந்த பின் எட்டு மணி நேரமும் நீட்டிக்க வாய்ப்பு உண்டு. வியாழன் மாலைக்குள் வண்டி வரவில்லையென்றால், இ-வே பில் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் காரணம் எழுதி, சரியான லாரி எண்ணோடு நீட்டிக்கட்டும். நீட்டித்ததை அதிகாரிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒளித்துச் செய்ததாக ஆகக் கூடாது.

அப்படியும் தடுப்பாணையான எம்ஓவி-06 கொடுத்து வண்டியைத் தடுத்துவைத்தால், ஏழு நாளுக்குள் நோட்டீஸ் எம்ஓவி-07, அது உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து ஏழு நாளுக்குள் ஆணை எம்ஓவி-09. இடையில் பிணைப்பத்திரமும் வங்கி உத்தரவாதமும் கொடுத்துச் சரக்கை எடுக்கலாம். வாடிக்கையாளரின் நெருக்கடியால் பணமே கட்ட நேர்ந்தாலும், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். கட்டிவிட்டதாலேயே உரிமையை விட்டதாகாது, அதிகாரி காரணங்களோடு ஆணை பிறப்பித்தே ஆக வேண்டும் என்று 2025 ஜூலையில் ஏ.எஸ்.பி. டிரேடர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆணை இருந்தால்தான் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய முடியும்.

ஒரு பழைய நினைவு. சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்போது ஆலையிலிருந்து சரக்கு ஜிபி-1 என்ற கேட் பாஸோடுதான் வெளியேறும். நூல் ஏற்றிய ஒரு லாரியை, கேட் பாஸில் வண்டி எண் ஓர் இலக்கம் தவறு என்று ஒரு பகல் முழுக்க நிறுத்திவைத்தேன். பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து மாலையில் என் கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எண் தவறா, சரக்கு தவறா? அதைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. அவரே வந்து பெட்டிகளை எண்ணி, சரியாக இருக்கக் கண்டு, இரவு எட்டு மணிக்கு வண்டியை அனுப்பிவைத்தார். உங்கள் வண்டியில் சரக்கு தவறில்லை என்று இன்று மாலை 5 மணிக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. அதன் பிறகும் ஓர் ஓட்டுநர் இரவெல்லாம் நெடுஞ்சாலையில் கிடக்க வேண்டியதில்லை.

களப்பணி

நான் மாநில வரித் துறையில் வேறொரு மாவட்டத்தில் பணியில் இருப்பவன். பெயர் சொல்ல முடியாது. பெரியவர் சொன்னதில் சட்டத்தைப் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. மேடத்துக்கு உதவக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்.

சோதனையில் நிற்கும் அதிகாரி லாரி எண்ணைப் பார்த்து ஏன் பயப்படுகிறார்? ஒரே பில்லையும் ஒரே இ-வே பில்லையும் வைத்து இரண்டு நடை சரக்கு அனுப்புவதை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம். முதல் நடை ஒரு வண்டி, இரண்டாவது நடை வேறு வண்டி, கேட்டால் "எண் தவறாக விழுந்துவிட்டது" என்பார்கள். அதே சொல்லைத்தான் நேர்மையானவரும் சொல்கிறார். இருட்டில், ஒரு டார்ச் வெளிச்சத்தில், யார் யார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதோடு, சுற்றறிக்கையின் ஆங்கில மூலத்தில் உள்ள சொல், நடவடிக்கை "தொடங்காமல் விடலாம்" என்றும் படிக்கக்கூடியது. "கூடாது" என்று அழுத்தி எழுதியிருந்தால் எங்களுக்கும் எளிது. விட்டுவிட்ட சரக்குகளின் பட்டியலை வாரந்தோறும் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. பிறகு தணிக்கையில் "ஏன் விட்டாய்?" என்று கேட்பார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு.

எனவே அந்த அச்சத்தைப் போக்கும் தாள்களைக் கையில் கொடுங்கள். வண்டியின் ஃபாஸ்டேக் கணக்கை எடுத்து, கரூரிலிருந்து கிளம்பிய பின் எந்தெந்தச் சுங்கச்சாவடியை எந்த நேரத்தில் கடந்தது என்று காட்டுங்கள். எடைமேடைச் சீட்டு இருந்தால் இணையுங்கள். லாரி ரசீதில் சரியான எண் 28 என்று இருந்தால், அதுவே பெரிய ஆதாரம், ஏனென்றால் அது நிறுத்தப்படுவதற்கு முன்பே எழுதப்பட்டது. முடிந்தால் 82 என்று முடியும் அந்த எண்ணில் உங்களுக்கோ லாரி அலுவலகத்துக்கோ வண்டியே இல்லை என்று லாரி அலுவலகத்தின் கடிதம். இவை கோப்பில் இருந்தால், விடுவிக்கும் அதிகாரிக்குத் தன் முடிவுக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

இன்னொன்று. வண்டியை முப்பது நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால், இடபிள்யூபி-04 படிவத்தில் அதைப் பதிவு செய்யும் உரிமை லாரி தரப்புக்கு உண்டு. பெரும்பாலோர் பயன்படுத்துவதே இல்லை. நிறுத்திய நேரம் குறித்து நாளைக்குத் தகராறு வந்தால் அந்தப் பதிவு பேசும்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

களப்பணி தம்பி சொன்ன ஆதாரங்கள் அனைத்தையும் இணையுங்கள் அம்மா. எனக்கு விட்டுப்போனது. அந்தச் சொல்லைப் பற்றி மட்டும் என் கருத்து வேறு. "தொடங்காமல் விடலாம்" என்றே படித்தாலும், அது அதிகாரியின் மனம்போன போக்குக்கு விட்டதாகாது. பிழையைத் தவிர வேறு சந்தேகம் இருந்தால் மட்டும் தொடங்கலாம் என்றுதான் பொருள்கொள்ள வேண்டும். அந்தச் சந்தேகம் என்ன என்பதை அவர் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆதாரங்களோடு நீங்கள் போனால் எழுத எதுவும் இருக்காது.

முத்துநகர்த் தரகர்

தூத்துக்குடியில் சுங்கத் தரகராக இருக்கிறேன். நீங்கள் கேட்டது ஜிஎஸ்டி என்றாலும், சுற்றறிக்கை யாருக்கு என்ற கேள்வி எங்கள் தொழிலில் தினமும் வருவது. துறைமுகச் சுங்க அலுவலகங்களில் இதற்கென்றே இரண்டு வகை அறிவிப்பு உண்டு. வணிகர்களுக்குச் சொல்வது பொது அறிவிப்பு. அலுவலர்களுக்குச் சொல்வது நிலையாணை. வாரியத்தின் சுற்றறிக்கை டெல்லியிலிருந்து வந்தால், அதை ஒட்டி இரண்டும் வெளியாகும். நான் எப்போதும் இரண்டையும் சேர்த்துப் படிப்பேன். எனக்கு என்ன சொன்னார்கள் என்பதைவிட, அலுவலருக்கு என்ன சொன்னார்கள் என்பதுதான் கவுன்டரில் நிற்கும்போது உதவியிருக்கிறது.

பிழை திருத்தத்துக்கும் எங்களுக்கு ஒரு வழி உண்டு. இறக்குமதிச் சரக்குக்குக் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி என்ற ஆவணத்தில் நாம் செய்த தவறைச் சுங்கச் சட்டத்தின் 149-ஆம் பிரிவில் திருத்தக் கேட்கலாம். ஆனால் சரக்கு வெளியேறிய பிறகு கேட்டால், வெளியேறிய நேரத்தில் ஏற்கெனவே இருந்த ஆவணம் ஒன்றைக் காட்ட வேண்டும். பிறகு தயாரித்த கடிதம் செல்லாது. அதனால்தான் களப்பணி சார் லாரி ரசீதைச் சொன்னதும் எனக்குச் சட்டென்று பட்டது. நிறுத்துவதற்கு முன்பே எழுதிய தாளுக்கு உள்ள பலம், பின்னால் எழுதிய எந்த விளக்கத்துக்கும் இல்லை. உங்கள் ரசீதில் எண் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கரூர்த்தறி (சனி காலை)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி வியாழன் இரவு 7.40-க்கு விடுவிக்கப்பட்டது. வெள்ளி காலை பெங்களூரில் சரக்கு இறங்கிவிட்டது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அடுத்தவருக்குப் பயன்படும். லாரி ரசீதில் எண் 28 என்று சரியாகவே இருந்தது. உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் அதை எடுத்துப் பார்த்தேன். கடிதத்தை இரவே எழுதி, வியாழன் அதிகாலை 4 மணிக்கு நானும் தம்பியும் பஸ் ஏறினோம். லாரி உரிமையாளர் ஃபாஸ்டேக் கணக்கை எங்கள் தொலைபேசிக்கு அனுப்பினார், வழியில் இறங்கி ஒரு கடையில் அச்செடுத்தோம். சுற்றறிக்கை முழுவதையும் அச்செடுத்து, ஐந்தாம் பத்தியில் எங்களுக்குப் பொருந்தும் இரண்டு வரிகளையும், ஆறாம் பத்தியில் "ஒவ்வொரு சரக்குக்கும்" என்ற இடத்தையும் பென்சிலால் கோடிட்டிருந்தேன்.

முதலில் பார்த்த அதிகாரி வாங்க மறுத்தார். நகலில் முத்திரை போட்டுக் கொடுங்கள் ஐயா, நான் காத்திருக்கிறேன் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பதினொன்றரை மணிக்கு முத்திரை கிடைத்தது. மதியத்துக்குப் பிறகு வேறோர் அதிகாரி, வயதில் மூத்தவர், கூப்பிட்டார். 168-ஆம் பிரிவின் அந்த இறுதிச் சொற்களை இரண்டு முறை படித்தார். ஃபாஸ்டேக் தாளில் நேரங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு யாரிடமோ தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினார். மாலையில் எம்ஓவி-05 கொடுத்தார்கள். ஐஜிஎஸ்டியில் 1,000 ரூபாய்க்கு அபராத ஆணைப் படிவமான டிஆர்சி-07 வெள்ளிக்கிழமை ஜிஎஸ்டி போர்ட்டலில் வந்தது, அன்றே கட்டிவிட்டேன்.

இரண்டு நாள் வண்டி நின்றதற்குக் காத்திருப்பு வாடகை 7,000 ரூபாய் லாரி உரிமையாளருக்குக் கொடுத்தேன். அது போனது போனதுதான். ஓட்டுநர் அண்ணனுக்குத் தனியாக இரண்டு நாள் பேட்டா கொடுத்தேன், வாங்க மறுத்தார், அம்மா பிடிவாதமாகக் கையில் திணித்தார்.

ஐயா, உங்கள் கண்காணிப்பாளர் கேட்ட கேள்வியைக் கடிதத்தின் நடுவில் நான் எழுதிவிட்டேன். "பிழை எண்ணில் உள்ளது, சரக்கில் இல்லை என்பதை எம்ஓவி-04 உறுதி செய்கிறது" என்று. அனுமதி கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள். அந்த மூத்த அதிகாரி அந்த வரியின் பக்கத்தில்தான் பேனாவால் ஒரு குறி வைத்தார்.

எங்கள் பட்டறையில் இப்போது ஒரு மாற்றம். லோடு ஏறியதும் ஓட்டுநர் வண்டியின் முன்னால் நின்று எண் பலகையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தம்பி பகுதி பி-யில் பதிவு செய்த பிறகு, எண்ணை இரண்டு இரண்டு இலக்கமாக வாய்விட்டுப் படிப்பான். நான் படத்தைப் பார்த்து ஆமாம் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். 6304 என்று இருந்த பழைய பதிவை அழித்துவிட்டேன். திங்கட்கிழமை அடுத்த லோடு சேலம் வழியாகக் கிளம்புகிறது. ஓட்டுநர் பையில் பில்லுக்கும் லாரி ரசீதுக்கும் பின்னால் 64/38/2018-இன் நகலையும் குத்தி வைத்திருக்கிறேன்.